தெருச் சாலை: பொது நிதிக்குக் காத்திருப்பதா, ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பங்கு போடுவதா?

தமிழகத்தில் 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. பிறகும் பல நகராட்சிகளில் குறுக்குத் தெருக்களுக்குச் சாலை போடும் நாள் வந்தபாடில்லை. கையில் இருக்கும் பணம் பேருந்து ஓடும் சாலைக்கே முதலில் போகிறது. அது சரியும்கூட.

மற்றொரு வழி, 1997-98இல் தொடங்கி 2021இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட ‘நமக்கு நாமே’ திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதி அரசுடையது. 9 லட்ச ரூபாய் வேலை என்றால் மக்கள் பங்கு 3 லட்சம். 60 வீடுள்ள தெருவில் வீட்டுக்கு 5,000. பணம் போட்டவர்கள் ஜல்லி கொட்டும்போதே வாசலில் நின்று பார்ப்பார்கள். சாலை போட்டு ஒரு மாதத்தில் குழாய்க்காக யாராவது தோண்ட வந்தால் தெருவே கூடிவிடும். பராமரிப்புக்கு இதைவிடப் பெரிய காவல் கிடையாது.

ஆனால் என்னை உறுத்துவது ஒன்று. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் வாழும் தெருவில் அந்த 5,000 எங்கிருந்து வரும்? அவர்களும் வரி கட்டுகிறார்கள். பங்கு போட முடிந்த தெரு மட்டும் பளபளத்தால், சேறு மிதித்தே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

பூங்கா, நடைபாதை, கூடுதல் தெருவிளக்கு ஆகியவற்றுக்குப் பங்கு போடலாம், தயங்க வேண்டியதில்லை. மழைநீர் வடிகாலும் பேருந்துச் சாலையும் பொது நிதியில்தான் வர வேண்டும். வடிகால் ஒரு தெருவோடு முடிவதில்லை. நம் தெருவில் வடித்துவிட்ட தண்ணீர் அடுத்த தெருவில் போய்த் தேங்கும்.