தர்பூசணி வைத்தால் பழுக்கும் என்றால் நம்பாதீர்கள்

ஆத்திரம் அடங்கியபின் எழுதலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். அடங்குவதாக இல்லை.

முந்தாநாள் அப்பச்சிக்கு எழுபது வயதுச் சடங்கான பீமரத சாந்தி. காரைக்குடியில் மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வருகிறவர்களுக்கு முதலில் தர்பூசணி கொடுக்கலாம் என்று, நெடுஞ்சாலை ஓரத்தில் கீற்றுப் பந்தல் போட்டு விற்கும் ஒரு கடைக்கு முதல் நாள் போனேன். 14 பழம், 68 கிலோ, கிலோ 20 ரூபாய். ஆக 1,360 ரூபாய்.

ஏமாந்த இடம் இதுதான். கடைக்காரர் முன்வரிசையில் இருந்து ஒரு பழத்தை எடுத்து, முக்கோணமாகக் கத்தியை இறக்கி, துண்டைக் கத்தி முனையிலேயே நீட்டினார். குங்குமச் சிவப்பு. சாறு அவர் முழங்கை வரை ஒழுகியது. "திண்டிவனம் பழம் ஆச்சி, சாப்பிட்டுப் பாருங்கள், காசு வேண்டாம்." தேன்தான், பொய் சொல்லமாட்டேன். பிறகு எனக்குக் கொடுத்ததெல்லாம் பந்தலுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடந்த குவியலில் இருந்து. ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, "கிண்ணென்று கேட்கிறதா ஆச்சி?" என்றார். கேட்கிறது என்று நானும் தலையாட்டினேன்.

மறுநாள் வீட்டின் பின்பக்கத்து இரண்டாம் கட்டில் வெட்ட உட்கார்ந்த சமையல்கார அம்மாளுக்கு முதல் பழத்திலேயே கத்தி சிக்கிக்கொண்டது. பழுத்திருந்தால் கத்தி பாதி இறங்குவதற்குள் தானே விண்டுவிடும். உள்ளே ரோஸ்மில்க்கில் தண்ணீர் கலந்தது போல ஒரு நிறம், விதையெல்லாம் வெள்ளை. ஐந்து வெட்டினோம், ஐந்தும் காய். முகப்பில் சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. எலுமிச்சை பிழிந்து மானத்தைக் காப்பாற்றினோம்.

அந்த அம்மாள் மீதி ஒன்பதையும் புரட்டி, "இதன் வயிற்றைப் பாருங்கள் ஆச்சி" என்றார். தரையில் படுத்துக் கிடந்த இடம் வெளுத்திருந்தது. பழுத்திருந்தால் வெண்ணெய் மஞ்சளாக மாறியிருக்குமாம். கிண்ணென்று ஒலித்தால் காய், 'பொத்'தென்று கேட்டால்தான் பழமாம். அதாவது கடைக்காரர் காய், காய் என்று என் காதுபடவே 14 முறை சொல்லியிருக்கிறார்!

தொலைபேசியில் பிடித்தேன். "இரண்டு நாள் வைக்கோலில் வையுங்கள், பழுத்துவிடும்." மாம்பழமா இது? கொடியிலிருந்து அறுத்தபின் தர்பூசணி பழுக்காது, இனிப்பும் ஏறாது. மாலையில் கேட்டால், "அந்த ரகமே வெளிறித்தான் இருக்கும்." நேற்று எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். முதலாளி லோடுக்குப் போயிருக்கிறாராம். "வெட்டியதைத் திருப்பி எடுக்கமாட்டோம்" என்றான் பையன். வெட்டாததை எடுத்துக்கொள் தம்பி என்றேன். "வெட்டாமல் காய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" 1,360 ரூபாய்க்குச் சீட்டும் இல்லை. ஆட்டோக் கூலி வேறு தண்டம்.

2025 கோடையில் தர்பூசணிக்குச் சாய ஊசி போடுகிறார்கள் என்று கிளம்பிய பேச்சில் விலை விழுந்து விவசாயிகள் பட்டபாடு தெரியும். அந்தப் பழியை நான் போடவில்லை. இது விலை இருக்கும்போதே காசாக்க முன்கூட்டி அறுத்த காய்.

பார்த்து வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வயிறு மஞ்சளா என்று பாருங்கள். தோல் பளபளவென்று மின்னினால் விட்டுவிடுங்கள். ஒரே அளவில் இரண்டைத் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். காம்பருகே உள்ள சுருள் காய்ந்திருக்க வேண்டும் என்பது தோட்டத்தில் பார்க்க வேண்டியது, கடைக்கு வரும்போது அது இருக்காது. தார்ப்பாய்க்குள் இருந்து எதை எடுத்தாலும் வாங்காதீர்கள்.

திரும்பி வந்த ஒன்பதில் ஒன்றை இன்று கூட்டு வைத்திருக்கிறோம். இன்னும் எட்டு இருக்கிறது.