தார்சாவா, புறவாசலா, தட்டட்டியா? சின்னப் பிள்ளைகள் வரைந்து விளையாட எந்த இடம் தோது

வண்ணம் வாங்கப் போகும் முன் குழாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரையுள்ள பிள்ளை ஒரே இடத்தில் கால் மணி நேரம் வரைந்தாலே அதிகம். அதன்பிறகு கை, கால், தரை, உடுப்பு எல்லாவற்றையும் கழுவ அரை மணி நேரம் ஆகும் என்றால், இரண்டாம் வாரமே வண்ணப் பெட்டி பரண்மேல் ஏறிவிடும். ஆகவே திருநெல்வேலிச் சீமை வீடுகளில் கிடைக்கும் இடங்களை இந்தக் கழுவும் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

இடம்

தார்சாவில் (தாழ்வாரத்தில்) நிழல் உண்டு, போகிற வருகிற பெரியவர்களின் கண்ணும் உண்டு. ஆனால் தண்ணீர் பக்கத்தில் கிடையாது. வண்ணக் கையோடு பிள்ளை வீட்டுக்குள் ஓடினால் குழாயடி வரைக்கும் சுவரெல்லாம் கைத்தடம்தான். தெருவைப் பார்த்த தார்சா என்றால் அழிக்கதவை (கம்பிக் கதவை) சாத்தாமல் தொடங்கவே கூடாது.

தட்டட்டியில் (மொட்டை மாடியில்) இடம் தாராளம். ஆனால் சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணிக்கு மேல் தரை காலைச் சுடும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக வரும் காற்று காகிதத்தைப் பறிக்கும், நிற்கும் பலகையைக் கவிழ்க்கும். கைப்பிடிச்சுவர் தாழ்வாக இருந்தால் அந்த இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

புறவாசலில் (கொல்லைப்புறத்தில்) துவைகல், குழாய், வாறுகால் (கழிவுநீர் ஓடை) மூன்றும் அருகருகே இருக்கும். ஈர வேலைக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். இரண்டு கவனம் வேண்டும். கிணறும் தரைத்தொட்டியும் மூடியிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையில் பிடிக்கும் பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கைகழுவ வைத்த வாளித் தண்ணீரை வேலை முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள். அரை வாளித் தண்ணீர்கூட ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆபத்துதான்.

பாளையங்கோட்டைப் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் குளியலறையே புறவாசல். ஆசிட், பிளீச்சிங் பவுடரை வெளியே எடுத்துவிட்டு, டைல்ஸ் சுவரிலேயே வண்ணம் பூச விடலாம். கிரேயான், சாக்பீஸ் போன்ற உலர் வேலைக்குத் தார்சாவோ உள்ளறை மூலையோ போதும்.

தரையா, மேசையா, சுவரா

மூன்று வயதுக்குள் தரைதான். அந்த வயதுப் பிள்ளை விரலால் வரைவதில்லை, தோளிலிருந்து கையை வீசி வரைகிறது. ஏ4 தாள் அதற்குப் போதாது; சார்ட் தாளைப் பாதியாக வெட்டினால் சரியாக இருக்கும். மூன்றைத் தாண்டியவர்களுக்கு 45 செ.மீ. உயர மேசையும் 25 செ.மீ. முக்காலியும் போதும். கடையில் விற்கும் நிற்கும் வரைபலகை பார்க்க அழகு. நீர்த்த வண்ணம் அதில் வடிந்து ஓடும், சாய்ந்து பிடித்தால் பலகையே சரியும். சுவரில் திருகி மாட்டிய பலகை அதைவிட நல்லது. கீழ் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ., மேல் விளிம்பு 110 செ.மீ. என்று வைத்தால் எல்லாருக்கும் கை எட்டும்.

சுவரிலேயே கரும்பலகைப் பெயிண்ட் அடிக்கலாமே என்பார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் நேரே அடித்தால் சில மாதங்களில் செதிலாக உரியும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு பூச்சு தரவேண்டும். வாடை போகும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கீழே விரிக்க என்ன? பத்தமடைப் பாயை மட்டும் எடுக்காதீர்கள், கோரை இடுக்கில் இறங்கிய வண்ணம் வராது. பழைய பிளெக்ஸ் பேனர் ஒழுகாது, ஆனால் ஈரம் பட்டால் வழுக்கும். பழைய சாரம் (லுங்கி) இரண்டை மடித்து விரிப்பதே மேல். ஈரத்தை உறிஞ்சும், அலசிக் காயப்போட்டு மறுநாளும் எடுக்கலாம்.

கடை வண்ணமா, அடுப்பில் காய்ச்சியதா

கடையில் வாங்கினால் தண்ணீரில் கரையும் வண்ணமாக இருக்கட்டும். அக்ரிலிக், துணி வண்ணம் இரண்டும் காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரி ஒட்டிக்கொள்ளும், உடுப்பு போச்சு. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வண்ணப் புட்டியில் வயதுக் குறிப்பையும் பாருங்கள்.

எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதென்றால் வீட்டு வண்ணம்தான் நிம்மதி. அரை டம்ளர் சோள மாவை (கடையில் கார்ன்ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளை மாவு) அரை டம்ளர் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒன்றரை டம்ளர் கொதிநீரில் ஊற்றிக் கிண்டுங்கள். கஞ்சி கண்ணாடியாகத் தெளியும்போது இறக்கி ஆறவிடுங்கள். பச்சைத்தண்ணீரில் கரைக்காமல் மாவைக் கொதிநீரில் கொட்டினால் உருண்டை கட்டும். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு, கீரைச் சாறு, மஞ்சள்தூள். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும்; பயப்பட வேண்டாம், அலசி வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும். குளிர்பெட்டியில் வைத்தாலும் நாலைந்து நாளில் புளித்துவிடும், அதுதான் இதன் குறை. கடைக் குங்குமத்தையும் வண்ணக் கோலப்பொடியையும் நிறத்துக்குச் சேர்க்காதீர்கள். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை, பொடி மூச்சிலும் ஏறும்.

ஒரு நேரத்தில் இரண்டு நிறம் போதும். நாலைந்து நிறம் வைத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் சாணி நிறமாகிவிடும். சிரட்டையில் ஒரு விரற்கடை அளவு ஊற்றி, கவிழாமல் பிரிமணைமேல் (பானை வைக்கும் வளையத்தின்மேல்) வையுங்கள்.

தூரிகைக்குப் பதிலாகப் பனைமட்டைத் துண்டின் நுனியை நசுக்கி நாராக்கிக் கொடுக்கலாம். ஓரத்தில் அரம்போல் இருக்கும் கருக்கை முழுக்கச் சீவிய பிறகுதான். அச்சுக்கு வெண்டைக்காய் எளிது. வாழைமட்டையின் குறுக்குவெட்டு தேன்கூடுபோல் அருமையான அச்சு தரும், ஆனால் வாழைக்கறை துணியில் பட்டால் போகாது. வெட்டித் தண்ணீரில் போட்டு, பால் வடிந்தபின் துடைத்துக் கொடுங்கள்.

இதையெல்லாம்விடச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு செம்புத் தண்ணீரும் இரண்டங்குலப் பட்டை பிரஷும் கொடுத்துச் சிமெண்டுத் தரையில் விடுங்கள். வரைந்தது தானே காயும், மறுபடி வரையலாம். ஒன்றரை வயதுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

களிமண்ணா, மைதா மாவா

காருகுறிச்சி போன்ற மண்பாண்ட ஊர்களில் பக்குவப்பட்ட களிமண் கேட்டால் கிடைக்கும். பிள்ளைக்கு அரைக் கிலோ போதும். குளத்து மண்ணை அப்படியே கொடுக்கக் கூடாது. சீமைக்கருவேல முள், நத்தை ஓடு, கண்ணாடிச் சில் எல்லாம் இருக்கும். காயவைத்து இடித்து, இரண்டு நாள் ஊறவைத்து, சல்லடையில் வடிகட்டி, சாக்கின்மேல் இறுகவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கழுவிய தண்ணீரை வாறுகாலில் விட்டால் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு மேல்நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். காய்ந்த மண்ணைப் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.

மைதாவுக்கு இரண்டு டம்ளர் மாவு, அரை டம்ளர் பொடியுப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு எலுமிச்சைச் சாறு. கொதிநீரைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றிப் பிசைய ஒன்றேகால் டம்ளர் பிடிக்கும். கல்லுப்பு போட்டால் கரையாமல் நின்று கையைக் குத்தும். உப்பு ஈரத்தை இழுப்பதால் மழை மாதங்களில் பசைபோல் இளகும், அப்போது ஒரு பிடி மாவு சேருங்கள். நல்லெண்ணெய் சேர்த்தால் அதன் வாசத்துக்குப் பிள்ளைகள் தின்றே விடுவார்கள். இவ்வளவு உப்பு வயிற்றுக்குள் போவது நல்லதல்ல. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் உப்பில்லாத சப்பாத்தி மாவைக் கொடுத்து அன்றே எறிந்துவிடுங்கள். கோதுமை, மைதா ஒவ்வாத பிள்ளை இருந்தால் களிமண்தான் வழி.

மூன்று வயதுக்கு மேல் களிமண்ணே மேல் என்போம். அழுத்தினால் எதிர்த்து நிற்கும், கைக்கு வலு வேண்டும். மைதா அவ்வளவு வேலை வாங்காது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மழை நாளுக்கு அது சரி.