விலையா, விளைச்சலா: நாலு வகை டிரைவருடன் ஆறு வருடம்

எனக்குச் சோறு போடுவது காதுதான். முதியவர்களின் நேர்காணல் பதிவுகளைக் கேட்டு வரிக்கு வரி எழுத்தாக்கிக் கொடுக்கும் வேலை. கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே செய்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மணித்தியாலம் தலையில் ஹெட்போன் இருக்கும்.

2021 இல் வலிகாமத்துப் பெரியவர் ஒருவரின் பதிவு வந்தது. "அந்த வருசம் வெங்காயம் விளையேல்லை" என்று அடித்து அனுப்பினேன். திருத்தம் திரும்பி வந்தது: "விலையில்லை." வெங்காயம் குவிந்து கிடந்து, வாங்க ஆளில்லாமல் அழுகிய வருடத்தை, பயிரே வராத வருடமாக்கி வைத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. அன்று நான் போட்டிருந்தது காதுக்கு நாலு டிரைவர் (மின்சாரத்தை ஒலியாக்கும் உறுப்பு) என்று பெட்டியில் பெரிதாக எழுதி விற்ற இயர்போன். அலுமாரியில் கிடந்த ஒற்றை டிரைவர் ஹெட்போனை மாட்டி ஒருக்கா கேட்டுப் பார்த்தேன். "லை" வடிவாகக் கேட்டது.

நாலு இருந்தும் கேட்காதது ஒன்றில் எப்படிக் கேட்டது? அந்தக் கேள்விதான் என்னை இந்த ஹெட்போன் டிரைவர்ப் பைத்தியத்துக்குள் இழுத்துவிட்டது.

முதலில் ல, ள விஷயம். ள சொல்லும்போது நாக்கின் நுனி மடிந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. அப்போது குரலில் 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி செறிந்து நிற்கும் ஓர் இடம் இன்னும் தாழ்ந்த அலைவரிசைக்கு இறங்கிவிடும். ல சொல்லும்போது அது அவ்வளவு இறங்காது. வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தில் பள்ளம் விழுந்த ஹெட்போனில் ஆங்கிலப் பாட்டுக் கேட்பவருக்கு ஒரு குறையும் தெரியாது, குரல் கொஞ்சம் தள்ளி நிற்பது போல இருக்கும், அவ்வளவுதான். தமிழ் எழுத்தாக்குபவனுக்கு வெங்காயம் போய்விடும்.

என் நாலு டிரைவர் இயர்போனில் இருந்தவை பேலன்ஸ்ட் ஆர்மெச்சர் வகை. செவிப்புலன் கருவிகளுக்காக வளர்ந்த நுட்பம் இது. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய ஓர் உலோகப் பெட்டி. அதற்குள் மெல்லிய இரும்பு நாக்கு ஒன்று இரண்டு காந்தங்களுக்கு நடுவே எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். சுற்றியிருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடும்போது நாக்கு துடிக்கும். அந்தத் துடிப்பை ஒரு சின்ன ஊசி தகட்டுக்குக் கொண்டுபோகும். சிறியது, குறைந்த சக்தியில் சத்தமாகப் பாடும், காதை இறுக்கி அடைத்தாலும் கோளாறு செய்யாது. 1991 இல் வந்த எடிமோடிக் ஈஆர்4 காதுக்கு இப்படி ஒன்றே ஒன்றை வைத்துப் பெயர் வாங்கியது. ஆனால் ஒன்றால் அடிவயிற்று முழக்கத்தையும் உச்சிக் கீச்சையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது கஷ்டம். அதனால்தான் இரண்டு, நாலு, எட்டு என்று அடுக்கி, எந்த அலைவரிசை எந்த டிரைவருக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். பிரித்த இடத்தில் தையல் சரியாக விழாவிட்டால் அங்கே ஒரு பள்ளம். எட்டு டிரைவர் என்பது எட்டுச் சமையல்காரர் மாதிரி, கறி நன்றாக வரும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

இதில் என் பக்கத்துப் பிழையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பல ஆர்மெச்சர் கொண்ட இயர்போனின் மின்தடை அலைவரிசைக்கு அலைவரிசை ஏறி இறங்கும். அது சொருகப்படும் சொக்கட்டின் சொந்தத் தடை கூடுதலாக இருந்தால் ஒலியின் சமநிலையே மாறிவிடும். என் பழைய லாப்டாப் அப்படிப்பட்டது. அதே இயர்போனை, லாப்டாப்பில் சொருகும் விரல் நீளச் சின்ன ஒலி மாற்றி (டாங்கிள்) ஒன்றில் போட்டபோது ல-வும் ள-வும் முக்கால்வாசி பிரிந்து வந்தன. வெங்காயக் குற்றத்தில் லாப்டாப்புக்கும் பங்கு இருக்கிறது.

2022 இல் கரண்ட் ஒரு நாளைக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் நின்றபோது வேலையைக் காப்பாற்றியதும் இதே இயர்போன்தான். ஃபோனில் போட்டால் போதும், வேறு மின்சாரம் வேண்டாம். இதற்கு ஒத்துவராதது ஈரம். ஏசி ஓடும் இடத்திலிருந்து காலி வீதி வெக்கைக்குள் இறங்கினால் குழாய் முனையில் நீராவி படியும், ஒரு பக்கம் மெல்ல மெல்ல அடங்கிப்போகும். காதழுக்கு வலையை அடைத்தாலும் அதே கதைதான். இப்போது அதை சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டின்னில் வைக்கிறேன். அரிசிக்குள் புதைத்து வை என்பது அம்மாவின் யோசனை. செய்து பார்த்தேன், குழாய்க்குள் தவிட்டுத் தூள் போனதுதான் மிச்சம்.

அப்புறம், அலுமாரியில் கிடந்த அந்த ஒற்றை டிரைவர். அது மூடிய வகை, சாதாரண டைனமிக். கம்பனிப் பெயர் வேண்டாம், ஏனென்றால் ஒரு வருடத்தில் அதன் இடது பக்கம் செத்தது. புறக்கோட்டையில் எனக்குப் பழக்கமான நானா ஒருவரின் கடைக்குக் கொண்டுபோனேன். கதவகல இடம், ஒரு மேசை விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. மெத்தையை உரித்து, நாலு ஸ்குரூ கழற்றி, டிரைவரைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, "தம்பி, இங்க வந்து பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஒரு நாணயக் குற்றியை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தோல், நடுவில் ஒரு கும்மட்டம், சுற்றிவரச் சாய்வான கோடுகள். அந்தத் தோலின் முதுகில்தான் கம்பிச்சுருள் ஒட்டியிருக்கிறது, அது காந்தத்தின் வளைய இடுக்குக்குள் இறங்கி நிற்கிறது. மின்சாரம் போனால் சுருள் ஏறி இறங்கும், தோலும் கூடவே போகும். முழு வித்தை அவ்வளவுதான். 1937 இல் ஜெர்மனியில் பேயர்டைனமிக் டிடி 48 என்று செய்ததும் அடிப்படையில் இதைத்தான். சுருளிலிருந்து வெளியே வரும் கம்பி தலைமயிரை விட மெல்லியது. அது ஈயப்பற்றில் வந்து சேரும் புள்ளியில் பச்சை பிடித்து அறுந்திருந்தது. கடற்காற்று, அதோடு என் வியர்வை. "டிரைவர் சாகல்ல, நரம்புதான் அறுந்திருக்கு" என்று சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தார். அது இன்றைக்கும் பேசுகிறது.

அந்த வேலையைப் பார்த்த பிறகு டைனமிக் வகையில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. ஒரே தோல், தையல் கிடையாது. சென்ஹைசர் எச்டி 600 வாங்கியது அதனால்தான். 1997 இல் வந்த மொடல், கனடாவின் ஸ்காபரோவிலிருந்து மச்சான் சூட்கேஸுக்குள் கொண்டுவந்து தந்தார். மின்தடை 300 ஓம். எங்கள் ஊர் "ஓம்" இல்லை, இது சுலபத்தில் ஓம் சொல்லாத ஓம். ஃபோனில் நேரே சொருகினால் சத்தம் போதாது, மின்னழுத்தம் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கும் சின்ன அம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும். கிடைத்துவிட்டால், மனிதக் குரலில் இதுவரைக்கும் நான் கேட்டவற்றில் இதுதான் நேர்மை. பாட்டி ஒருவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கதைத்தாலும் ல, ள, ன, ண ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கும். எடை 260 கிராம், ஆறு மணித்தியாலம் போட்டாலும் கழுத்துத் தெரியாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த ஒலி தரும் பக்கம்தான் கொஞ்சம் மெலிவு. திறந்த அமைப்பு டைனமிக்கில் ஆழத்துக்குப் போகப் போக ஒலி சரியும், அது இந்த வகையின் சுபாவம்.

தொப்பியைத் தேடித்தான் பிளேனர் பக்கம் போனேன். இதில் சுருள் கிடையாது. மிக மெல்லிய படலம் முழுவதிலும் மின்தடம் வளைந்து வளைந்து பதிந்திருக்கும். எதிரே வரிசையாகக் காந்தக் கட்டைகள். நடுவைப் பிடித்துத் தள்ளுவதற்குப் பதிலாகப் படலம் முழுவதும் ஒரே நேரத்தில் நகர்கிறது. யமஹா 1976 இல் எச்பி-1 இல் இந்த வழியில் போனது. சீன உற்பத்தி வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கை எட்டியது.

முதல் நாள் இரவு தனி ஆவர்த்தனம் ஒன்று போட்டேன். தொப்பியில் ரவை அப்பிய ஈரமான அந்தக் "கும்" தரைக்குள் இறங்கி, வழுக்கி மேலே வந்து, முடிந்த இடத்தில் முடிந்தது. எச்டி 600 இல் அது முடிந்த பிறகும் நிழல் மாதிரி கொஞ்சம் தங்கும். அந்த ஒரு அடிக்காகவே கொடுத்த காசு சரி என்று நினைத்தேன். மறுநாள் காலையில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டால், தொப்பியில் பாதி இல்லை! கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி ஒரு நூலிழை இடைவெளி விட்டுவிடுகிறது, ஆழம் அதன் வழியாக ஒழுகிப் போகிறது. காம்பை மேலே உயர்த்திப் பார்த்தால் "கும்" வரும், இறக்கினால் போகும். நான் கண்ணாடி இல்லாமல் திரையை வாசிக்க முடியாதவன். ஆகவே பிளேனர் இரவில், விளக்கணைத்துவிட்டு, பாட்டுக்கு மட்டும்.

எடையும் ஒரு காரணம், காந்தங்களே பாரம், என்னுடையது கிட்டத்தட்ட 400 கிராம். மேசையில் கிடந்த குண்டூசி ஒன்று தாவிப் போய் அதில் ஒட்டிக்கொண்டதிலிருந்து தையல் பெட்டி இருக்கும் அறைக்கே அதைக் கொண்டுபோவதில்லை. படலத்தில் ஊசி பட்டால் கதை முடிந்தது.

எலெக்ட்ரோஸ்டாடிக் என்னிடம் இல்லை. பம்பலப்பிட்டியில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பத்து நாட்கள் தன் வீட்டுக்கு வந்து கேட்க விட்டார். ஒன்றிரண்டு மைக்ரோன் தடிப்புப் படலம், இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட தகடு, காந்தம் என்ற பேச்சே இல்லை. படலத்துக்கு நிலையாக உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும், ஸ்டாக்ஸ் கருவிகளில் அது 580 வோல்ட். மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால் ஆபத்தில்லை என்று தெரிந்தும், முதல் தடவை மாட்டும்போது நான் தொட்டாற்சிணுங்கி மாதிரிச் சுருங்கித்தான் இருந்தேன். வீணையின் மீட்டுக்குப் பின்னால் நகம் தந்தியை விட்டு விலகும் ஓசை தனியாகக் கேட்டது. அதற்கு மேல் வர்ணிக்க எனக்குச் சொல் வரவில்லை. ஏழாம் நாள் பின்னேரம் நல்ல மழை, ஜன்னல் திறந்திருந்தது, வலது பக்கம் மெல்லத் தணிந்துகொண்டு போனது. "ஈரம் தம்பி, சார்ஜ் கசியுது, ஏசியைப் போட்டுட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றார் ஐயா, பழகிய குரலில். முக்கால் மணித்தியாலத்தில் சரியாகிவிட்டது. கடலிலிருந்து இருநூறு மீற்றரில் குடியிருக்கும் எனக்கு அந்த ஆசை அன்றோடு தீர்ந்தது.

இப்போது என் வழக்கம் இதுதான். எழுத்தாக்க வேலைக்கு எச்டி 600. அது திறந்த வகை என்பதால் கரையோர ரயிலும் பாண்காரரின் ஓட்டோ மெட்டும் உள்ளே வரும், ரயில் போகும்வரை பதிவை நிறுத்தி வைப்பேன், அது பழகிவிட்டது. நூறாம் நம்பர் பஸ்ஸில் அந்த நாலு டிரைவர் இயர்போன். நானா உயிர் கொடுத்த மூடிய ஹெட்போன் கீழ்வீட்டில் கட்டட வேலை நடக்கும் நாட்களுக்கு. சித்திரை வெக்கையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் அதைப் போட முடியாது.

போன கிழமை பிளேனரின் ஒரு பக்கம் விட்டு விட்டுப் பேசியது. நானாவிடம் கொண்டுபோனேன். வயர் சொருகும் இடத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார், பச்சைதான் வந்தது, சத்தமும் வந்தது. வந்த இடத்தில் உள்ளேயும் ஒருக்கா திறந்து பார்ப்போமா என்று கேட்டேன். விளக்கைத் திருப்பி, கம்பி வலைக்கூடாக அந்தப் படலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல சுத்துறதுக்குக் கொயில் இல்ல, பத்தவைக்க நரம்பும் இல்ல. இத நான் தொட மாட்டன், தம்பி" என்று சொல்லி, ஸ்குரூடிரைவரை எடுத்து மேசையின் மறுபக்கத்தில் தூர வைத்தார்.