மூத்தவளின் தோளில் நிற்கும் வீடு: ‘மாலிபு ரைசிங்’

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பெறாமகள், யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படும்போது என்னிடம் தந்த ஆங்கில நாவல் இது. ரெய்லர் ஜெங்கின்ஸ் ரீட் எழுதி 2021 இல் வெளிவந்தது. கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில், 1983 ஆகஸ்ட் 27 காலை ஏழு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஏழு மணிக்கு முடியும் கதை, இடையிடையே 1956 வரை பின்னோக்கிச் செல்கிறது.

புகழ்பெற்ற பாடகன் மிக் ரிவாவின் பிள்ளைகளான நீனா, ஜே, ஹட், கிற் ஆகிய நால்வரும் அலைச்சறுக்கும் கடலுமாக வளர்ந்தவர்கள். ஆனாலும் நாவலின் உயிர் அவர்களுடைய புகழில் இல்லை, நீனா சுமக்கும் பொறுப்பில்தான் இருக்கிறது. தகப்பன் விட்டுப்போன வீட்டில் தாய் ஜூன் குடிக்கு அடிமையாகி, 1975 இல் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்துபோக, பதினேழு வயது நீனா படிப்பைக் கைவிட்டுக் குடும்பத்தின் கடலுணவுக் கடையை ஏற்று நடத்துகிறாள். தம்பிமாரையும் தங்கையையும் கரைசேர்க்கத் தன் கல்யாணத்தையும் படிப்பையும் தள்ளிவைத்த அக்காமார் எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பதால், அந்தப் பக்கங்களை நான் தூர தேசத்துக் கதையாக வாசிக்கவில்லை.

என்னை மிகவும் பாதித்த இடம் ஹட்டின் வருகை. கணவனுக்கு வேறொருத்தி பெற்ற கைக்குழந்தை வாசலுக்கு வந்து சேரும்போது, அவமானத்தில் உடைந்து நிற்கும் ஜூன், அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்னவென்று யோசித்து, அவனைத் தன் மகன் ஜேயோடு சேர்த்து வளர்க்கத் துணிகிறாள். பிற்காலத்தில் தன்னையே காக்கத் தெரியாதுபோன இதே தாயின் மனத்தில் அன்று அவ்வளவு இடம் இருந்தது என்பதை ஆசிரியர் விளக்கவுரை எதுவுமின்றிக் காட்டுகிறார். பெற்றோரை முழுக்க நல்லவர்களாகவோ முழுக்கக் கெட்டவர்களாகவோ ஆக்காத இந்த நிதானம்தான் நாவலின் பெரும் பலம்.

இரண்டாம் பாதியில், நீனாவின் வீட்டில் ஆண்டுதோறும் நடக்கும் விருந்துக்கு வந்து குவியும் நடிகர்களும் பிரபலங்களும் சில பக்கங்களுக்கு மட்டும் தலைகாட்டிவிட்டு மறைகிறார்கள். அவர்களுக்குச் செலவிட்ட பக்கங்களைக் கிற்றுக்குக் கொடுத்திருக்கலாம். கடைக்குட்டியின் மனம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. நெடுங்காலம் திரும்பிப் பாராத மிக், பிள்ளைகளின் முன் வந்து நின்று தன்னைத் தானே விளக்கும் காட்சியும் வேகமாகக் கடந்துபோகிறது. இத்தனை ஆண்டுக் காயத்துக்கு அந்த உரையாடல் போதவில்லை.

மொழி எளிமையானது, பாடசாலை ஆங்கிலம் உள்ளவர்களே சிரமமின்றி வாசிக்கலாம். குடியும் கணவன் மனைவிக்கிடையிலான துரோகமும் ஒளிவுமறைவின்றி வருவதால் சிறுவர்களுக்கு இது ஏற்றதல்ல. வாசித்து முடித்ததும் புத்தகத்தை என் அக்காவிடம் கொடுத்தேன். இரவில் சமையல் முடிந்த பிறகு நாலைந்து பக்கமாக வாசித்து, இப்போது கடலுணவுக் கடையை நீனா திறக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார்.