ஞாயிறு சந்தையில் வாங்கிய மைக்ரோஸ்கோப்: 2,200 ரூபாய்க்கு என்னென்ன தெரியும்?

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கு நான் போனது கைலி வாங்க. திரும்பி வந்தது மைக்ரோஸ்கோப்போடு. பழைய மிக்சி, சார்ஜர் ஒயர், கைப்பிடி உடைந்த குக்கர் இதற்கெல்லாம் நடுவில், விரித்த சாக்கின் மேல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அடிப்பாகத்தில் 'அம்பாலா' என்று மட்டும் படிக்க முடிந்தது, கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டது. கடலூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் லேபில் 31 வருஷம் அட்டெண்டராக இருந்தவன் நான். இந்த ஜாதிக் கருவி எத்தனையையோ துடைத்து, எண்ணி, பீரோவில் பூட்டியிருக்கிறேன். சொந்தமாக ஒன்று இருந்ததில்லை.

"எல்லாம் வேலை செய்யும் சார், டாக்டர் வீட்டுது" என்றார் கடைக்காரர். 3,500 சொன்னார், 2,200க்கு முடிந்தது. டாக்டர் வீட்டுது இல்லை. ஸ்லைடு வைக்கும் ஸ்டேஜுக்கு அடியில் வெள்ளைப் பெயிண்டில் 17 என்று எழுதியிருந்தது. ஏதோ பள்ளிக்கூடம் கழித்துக்கட்டியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஃபோகஸ் செய்யும் பெரிய திருகு அசையவே இல்லை. உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பல்சக்கரத்தைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்ததும் சரியாயிற்று. சரியாகாதது 45எக்ஸ் லென்ஸ், அதாவது 45 மடங்கு பெரிதாக்குவது. சிலந்தி நூல் பரவியது போலப் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது தீராத வியாதி. ஈரக்காற்றில் பெட்டிக்குள் மூடியே வைத்தால் கண்ணாடியில் காளான் பிடிக்கும். நாள்பட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு நிற்கும். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். முப்பத்தோரு வருஷ அனுபவம் சந்தை வெயிலில் எங்கே போனதோ! நல்லவேளை, இந்த லென்ஸ்களின் மரை பெரும்பாலும் ஒரே அளவுதான். வேறு கம்பெனி லென்ஸ் 600 ரூபாய்க்குக் கிடைத்தது, பொருந்திவிட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வித்தை. பார்க்கும்போது கரும்புள்ளி தெரிந்தால், கண் வைக்கும் லென்ஸை மெதுவாகச் சுழற்றுங்கள். புள்ளியும் சேர்ந்து சுற்றினால் அழுக்கு அதில்தான். ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் கீழ் லென்ஸைச் சந்தேகப்படுங்கள்.

சரி, என்ன தெரிந்தது? மீன்தொட்டிக் கடையில் பத்து ரூபாய்க்கு வேலம்பாசி என்ற தண்ணீர்ச் செடி ஒரு கொத்து வாங்கினேன். அதன் இலை இரண்டே அடுக்கு செல் கனம்தான், பிளேடு வைத்துச் சீவ வேண்டியதில்லை. இலையைக் கிள்ளி, சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர் ஸ்லிப் மூடி, நடு நரம்பை ஒட்டிய நீளமான செல்களில் பார்வையை நிறுத்தினால் போதும். எட்டாவது படிக்கும் பேத்தி முதலில் பார்த்துவிட்டு, "ஒண்ணும் நகரல தாத்தா" என்றாள். வெளிச்சம் படட்டும், ஐந்து நிமிஷம் பொறு என்றேன். அப்புறம் ஒரு பச்சை மணி அசைந்தது. பின்னாலேயே இன்னொன்று. பாடலீசுவரர் கோயில் தேர் வீதி சுற்றுவது போல, சுவரை ஒட்டியே போய், மூலையில் கொஞ்சம் தயங்கித் திரும்பி, எதிர்ப் பக்கமாக வரிசை. பக்கத்து செல்லில் வரிசை வேறு திசை. அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் இதை ஆயிரம் தடவை பிள்ளைகளுக்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன். அன்று என் முறை வர அரை மணி நேரம் ஆயிற்று.

அந்தப் பச்சை மணிகள், அதாவது குளோரோபிளாஸ்ட்கள், ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியாக்கள், இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே உறுப்பாகிவிட்டவை. இது பழைய பாடம். புதுசு, 2024 ஏப்ரலில் 'சயன்ஸ்' இதழில் வந்தது: கடல் பாசி ஒன்றுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவும் அப்படி உறுப்பாகிவிட்டது என்று. நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர். காற்றின் நைட்ரஜனை உரமாக மாற்றும் வேலை அதற்கு. பேத்தி போனில் படித்துக் காட்டினாள், உடனே "அதையும் வை தாத்தா" என்றாள். எங்கே வைப்பது! அந்தப் பாசியை லேபில் வளர்க்கவே ஜப்பானில் ஹகினோ என்ற அம்மையார் பத்து வருஷத்துக்கு மேல், 300 தடவைக்கும் அதிகமாகக் கடல் தண்ணீர் மொண்டு பார்த்திருக்கிறார். செல் பிரியும்போது இதுவும் கூடவே பிரிகிறது என்பதை எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார்கள். கண் வைக்கும் லென்ஸும் சேர்ந்து வரும் என் 450 மடங்குக்கு அது கட்டுப்படாது.

பதிலுக்கு மல்லாட்டை (நிலக்கடலை) செடி ஒன்றைப் பிடுங்கி வந்தேன். வேர்முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே ரத்தம் போலச் சிவப்பு. நசுக்கி, சாயம் போட்டு 45எக்ஸில் பார்த்தால் பொடிப்பொடி உருண்டையாக பாக்டீரியா. அதுவும் நைட்ரஜன் வேலைதான் செய்கிறது, ஆனால் விருந்தாளி. ஒவ்வொரு செடியும் மண்ணிலிருந்து புதிதாக அழைத்துக்கொள்ள வேண்டும். நைட்ரோபிளாஸ்ட் வீட்டோடு மாப்பிள்ளை. இப்படிச் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

தொட்டாற்சிணுங்கி மட்டும் ஏமாற்றியது. 2022இல் ஜப்பானியர்கள் அதன் கால்சியத்தை ஒளிர வைத்து, தொட்ட இடத்திலிருந்து சேதி ஓடுவதைப் படம் பிடித்தார்கள். மடங்காதபடி செய்த செடியை வெட்டுக்கிளி அதிகமாகத் தின்றதாம். நான் இலைக்காம்பின் முட்டியைச் சீவி வைத்தேன். வரிசையாகச் செல்கள், அவ்வளவுதான். வெட்டின துண்டு சிணுங்குமா?

இன்னொன்று, இந்தக் கருவியே தேவைப்படாத சங்கதி. பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாது என்று காலமெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். 2022இல், கரீபியனில் குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டில், தண்ணீரில் மூழ்கி அழுகிய இலைகளின் மேல் ஒரு சென்டிமீட்டர் நீள பாக்டீரியா என்று அறிவித்தார்கள். வெள்ளை நூல் மாதிரி, கண்ணிமை முடி அளவு. தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா என்று நீளமான பெயர். எனக்கு உடனே பிச்சாவரம்தான் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் மாணவர்களோடு படகில் போய், சுரபுன்னை இலையைச் சேறு போகக் கழுவி, காயவைத்து ஒட்டும் ஹெர்பேரியம் தொகுப்புக்கு எடுத்து வருவோம். அழுகினது என்றால் வீசிவிடுவோம். இப்போது போனால் வீச மாட்டேன்.

காகித மைக்ரோஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாமா என்று கேட்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு செய்தது, 140 மடங்கு காட்டும், சட்டைப்பையில் போகும். பிச்சாவரம் போக அதுதான் சரி. வீட்டு மேசையில் ஒருவர் வைத்து இன்னொருவர் பார்க்க, நிற்கிற கருவி வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன். அந்த அரை, பின்னால் வாங்கிய லென்ஸுக்கு. கருவியை மூடி வைக்கும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டிருக்கிறேன், புது செருப்பு டப்பாவில் வந்தது. கைலி இன்னும் வாங்கவில்லை.