நுண்துளை செராமிக்: எல்லாம் சரி, இந்த ஈரம்தான்

மைக்ரோவேவ் ஃபில்டருக்குள் ரெசனேட்டரை (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும் பாகம்) தாங்கும் அடிக்கட்டையை நுண்துளை அலுமினாவுக்கு (அலுமினியம் ஆக்சைடு செராமிக்) மாற்றலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். நான் அதை வைத்துக்கொண்டு பல நாளாகப் பாடுபடுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் மின்புலத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று சொல்லும் எண்தான் டைஎலக்ட்ரிக் மாறிலி; காற்றுக்கு அது 1. கெட்டி அலுமினாவுக்கு 10-ஐ ஒட்டி இருக்கும். பத்தில் ஒன்பது பங்கு துளையாகிவிட்டால் அது 2-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ரெசனேட்டர் கிட்டத்தட்ட அந்தரத்தில் நிற்பதாகவே நினைத்துக்கொள்ளும். டெஃப்லானும் 2.1தான். ஆனால் பவர் ஏறிச் சூடானால் அது விரியும், ரெசனேட்டரின் உயரம் மாறும், ட்யூனிங் போய்விடும். செராமிக்கில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. உலர்ந்திருக்கும்போது அதிர்வெண் வாரியாக அளக்கும் அனலைசரின் திரையில் வரும் அதிர்வு முனையைப் பார்க்க வேண்டுமே, ஊசி மாதிரி!

உலர்ந்திருக்கும்போது. அங்கேதான் வினை. துளைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருப்பதால் காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரின் மாறிலி அறை வெப்பத்தில் 80-ஐத் தொடும், மைக்ரோவேவில் சிக்னல் இழப்பும் எக்கச்சக்கம். துளி ஈரம் போதும்: முனை கீழ் அதிர்வெண் பக்கம் சரிகிறது, கூர்மை மழுங்குகிறது. ஓவனில் வைத்து எடுத்தால் பழைய இடத்துக்கே வரும். ஃபில்டரின் மூடிக்கு ஸ்க்ரூ தேடுவதற்குள் மறுபடி நகர ஆரம்பிக்கும். விற்றவர் கொடுத்த தாளில் மாறிலி இரண்டு தசமம் வரை இருக்கிறது. எந்த ஈரப்பதத்தில் அளந்தார்கள் என்று ஒரு வரி கிடையாது.

நாசாவே இதில் தப்பவில்லை. ஸ்பேஸ் ஷட்டிலின் வெப்பக் காப்பு சிலிகா ஓடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் காலி இடம்தான். உள்ளே இருந்த நீர்விலக்கி வளிமண்டல மறுநுழைவுச் சூட்டில் எரிந்துபோகும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஓடு ஓடாக ஊசி போட்டு அதை மறுபடி ஏற்றினார்கள். நமக்கு அந்தப் பொறுமையும் இல்லை, ஆளும் இல்லை.

அப்புறம், இதன்மேல் வெள்ளிப் பேஸ்ட் பூசும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். பேஸ்ட் உள்ளே இறங்கிவிடும். 10 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் வெள்ளியில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான ஆழத்தில்தான் ஓடும், அதற்கு இந்த மேடுபள்ளம் ஆகாது.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். காற்றுப்புகாமல் அடைத்து உலர் நைட்ரஜன் நிரப்பும் கேவிட்டி (ரெசனேட்டர் உட்காரும் உலோகக் கூடு) என்றால் மட்டும் யோசியுங்கள். எனக்கா? அடுத்த ஃபில்டருக்கும் இதையேதான் ஆர்டர் போட்டிருக்கிறேன். அந்த முனையைப் பார்த்த பிறகு டெஃப்லானுக்குத் திரும்ப மனம் வரவில்லை.