எழும்பூரா, தாம்பரமா?
மதுரைப் பக்கம் ரயிலேறும் சென்னைவாசிக்கு வரும் கேள்வி இது. எழும்பூர் 1908-இல் திறந்த நிலையம். சிவப்புக் கட்டடத்தின் அழகே தனி. மெட்ரோ வாசலிலேயே இறக்கிவிடும். வண்டி அங்கேயே கிளம்புவதால் பெட்டியைச் சீட்டுக்கடியில் நிதானமாகத் தள்ளலாம். ஆனால் மறுசீரமைப்பு வேலை நடப்பதால், எந்த வழியாக நுழைவது என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

தாம்பரத்துக்கு மெட்ரோ இன்னும் வரவில்லை. மின்சார ரயில் 1931-லிருந்தே ஓடுகிறது, அது போதும். நாகர்கோவில் அந்த்யோதயா எக்ஸ்பிரஸ் இங்கிருந்துதான் புறப்படும். எழும்பூரில் கிளம்பி மதுரை போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வந்தால், அது ஓரிரு நிமிடம்தான் நிற்கும். கோச் எண் பார்த்து நில்லுங்கள். ரயில் தவறினாலும் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கம்தான்.

தாம்பரம் பக்கத்துக் குரோம்பேட்டைக்காரர் எழும்பூர்வரை போய் அதே வழியில் திரும்பி வருவது வீண் அலைச்சல். பாட்டி, குழந்தை, நாலு மூட்டை என்றால் மட்டும் என் ஓட்டு எழும்பூருக்கு.